ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணுவாரா?

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, “அமெரிக்க ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் ஒரு கமிட்டியில் உட்கார்ந்தவன் நான்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி, ‘என்ன கமிட்டி?’ மீதி, ‘எவ்வளவு சம்பளம்?’ இரண்டாவதற்கு விடை: சல்லிக்காசு கிடையாது, மத்தியானச் சாப்பாடு மட்டும். அதுவும் ஆறிப்போன பீட்சா. முதலாவதற்கு இந்தப் பக்கம் முழுக்க.

*

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் முதல் வருஷம். ஜூலை வந்தால் ‘சீனியர்’ ஆகிறானாம். ஆனால் “கமிட்டி பார்த்துட்டுத்தான் சொல்லும்மா” என்கிறான். ஏதும் தப்புத்தண்டா பண்ணிவிட்டானா?
– ‘தூக்கம் வராத அம்மா’, நாமக்கல்

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள். கமிட்டி எல்லாரையும்தான் பார்க்கும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஒவ்வொருவரையும் பார்த்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி.

அமெரிக்காவில் ரெசிடென்ட்களின், அதாவது மேற்பயிற்சி டாக்டர்களின், வருஷப்பிறப்பு ஜூலை 1. ஜூன் 30 ராத்திரிவரை உங்கள் பையன் இன்டர்ன், அதாவது முதல் வருஷக்காரன். சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு சீனியர் உண்டு. மறுநாள் காலை ஏழு மணிக்கு, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைக் கோட்டோடு இரண்டு புது இன்டர்ன்கள் வந்து நின்று, “பதினொன்றாம் படுக்கைக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கு, என்ன பண்ணட்டும்?” என்று கேட்பார்கள். யாரைக் கேட்கிறார்கள் என்று உங்கள் பையன் திரும்பிப் பார்ப்பான். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

நேற்று கேட்டவன் இன்று சொல்கிறவன் ஆகிறான். ஆகலாமா என்று யாராவது முன்னாலேயே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் இல்லையா? அந்த ‘யாராவது’தான் கமிட்டி.

*

கேள்வி: ‘குழு’ என்றாலே ஒரு விஷயத்தை ஊறப்போடத்தான். அங்கேயும் அப்படித்தானா? யார் யார் உட்காருவார்கள்?
– ‘மூன்று கமிட்டி கண்டவன்’, சேலம்

பதில்: குறைந்தது மூன்று ஆசிரிய மருத்துவர்கள். நியமிப்பவர் புரோகிராம் டைரக்டர். பெயர் நீளம்: கிளினிக்கல் காம்பிடென்ஸி கமிட்டி. ரெசிடென்ட் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பு 2013-ல் ஏழு துறைகளில் ‘மைல்ஸ்டோன்’ முறையைத் தொடங்கியபோது இந்தக் கமிட்டியும் கட்டாயமானது. அடுத்த வருஷம் மற்ற துறைகளுக்கும் வந்தது. கமிட்டி ஆலோசனைதான் சொல்லும். கடைசிக் கையெழுத்தும் அதன் பழியும் டைரக்டருக்கு.

முன்பெல்லாம் பெரியவர் ஒருவர் தலையசைத்தால் போதும். 1889-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தது. அங்கே அறுவை சிகிச்சைக்கு வாய்த்தவர் ஹால்ஸ்டெட். அவர் போட்ட ஏற்பாடு பிரமிடு மாதிரி. கீழே பலர் சேருவார்கள், வருஷாவருஷம் சிலர் கழிவார்கள், உச்சியில் ஒருவர் நிற்பார். அந்த ஒருவர் எப்போது வெளியே போகலாம்? ஹால்ஸ்டெட்டுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. ஒருவரே கமிட்டி, ஒருவரே கோரம். ஊறப்போடுகிற குழுவே தேவலை என்று அன்றைக்குக் கழிந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

*

கேள்வி: மைல்ஸ்டோன் என்றால் ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்குமா?
– திண்டிவனம் பைபாஸில் இருந்து ஒரு லாரி உரிமையாளர்

பதில்: ஏறக்குறைய. ஆறு தகுதிகள்: நோயாளியைக் கவனிப்பது, மருத்துவ அறிவு, தன் வேலையிலிருந்தே கற்றுத் திருந்துவது, பேச்சும் பழக்கமும், தொழில் ஒழுக்கம், ஆஸ்பத்திரி என்கிற பெரிய யந்திரம் ஓடும் விதம் தெரிந்து நடப்பது. இவற்றைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை படிகள். நாலாவது படிதான் பயிற்சி முடிக்கும்போது எட்ட வேண்டிய இலக்கு. அது இலக்கு மட்டும்தான். எல்லாக் கிளையிலும் நாலு வாங்காவிட்டால் வெளியே விட மாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. ஐந்து, பயிற்சி முடித்துப் பொறுப்பில் இருக்கும் அட்டெண்டிங் டாக்டர்களிலேயே பல பேர் எட்டாதது. நான் உட்பட.

*

கேள்வி: அப்படியானால் ஐந்து வாங்கினவர்தான் மற்றவர்களை மேற்பார்வை பார்க்கலாமா?
– கணக்கு வாத்தியார் (ஓய்வு), விருதுநகர்

பதில்: கணக்கு வாத்தியாரைக் குழப்புவதற்கென்றே இன்னொரு ஐந்து இருக்கிறது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து ஆலே டென் காட்டே 2005-ல் ஒரு கட்டுரை எழுதினார். ‘இவருக்கு எத்தனை மார்க்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்த ஒரு வேலையை இவரிடம் நம்பிக் கொடுக்கலாமா’ என்று கேளுங்கள் என்றார். வேலைக்கு வேலை தனித்தனியாக. முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுநீர் எடுப்பது ஒரு வேலை. சர்க்கரை நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது வேறு வேலை.

அவருடைய படிகள் இப்படிப் போகும்: பக்கத்தில் நின்று பார்க்கலாம்; ஆள் கூடவே நிற்கச் செய்யலாம்; கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஆள் இருக்கச் செய்யலாம்; தனியாகச் செய்யலாம்; அடுத்தவர் செய்யும்போது மேற்பார்வை பார்க்கலாம். ஆக, அவர் ஏணியில் உச்சிப் படியே மேற்பார்வைதான். தனியாகச் செய்வதற்கும் மேலே அதை வைத்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை.

ஆனால் ஆஸ்பத்திரி நடப்பு வேறு. இரண்டாம் வருஷ ரெசிடென்ட் ஒருவர் எல்லா வேலையிலும் தனியாக நிற்கும் நிலைக்கு வந்திருக்க மாட்டார். ஆனாலும் இன்டர்னை மேற்பார்வை பார்த்தாக வேண்டும். ஏணியின் நடுவில் நிற்பவரிடம் கீழே இருப்பவருக்குக் கை கொடுக்கச் சொல்கிறோம். கமிட்டியின் தலைவலி முழுக்க இந்த இடத்தில்தான்.

*

கேள்வி: தான் நன்றாகச் செய்கிறவர் அடுத்தவரையும் நன்றாகச் செய்ய வைப்பார்தானே? இதற்கு எதற்குத் தனி யோசனை?
– ‘எல் போர்டு’, திருச்சி

பதில்: உங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூல் காரில் இடது சீட்டுக்குக் கீழே இன்னொரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நல்ல டிரைவர் ஒருவரை அந்த சீட்டில் உட்கார வையுங்கள். காந்தி மார்க்கெட் வருவதற்குள் இருபது தடவை மிதித்திருப்பார். ஓட்டத் தெரிந்த கால் சும்மா இருக்காது.

ஒரு நாள் ராத்திரி. காய்ச்சலும் குழப்பமுமாய் ஒரு வயசான அம்மாள். தண்டுநீர் எடுக்க வேண்டும். ஊசி இன்டர்ன் கையில். எதிரே இரண்டாம் வருஷப் பெண், கையுறை போட்டுக்கொண்டு, கைகளைத் தன் வயிற்றோடு கோத்துக்கொண்டு நிற்கிறாள். நான் கதவோரம். முதல் குத்து, எலும்பில் இடித்தது. இரண்டாவதும் எலும்பு. இன்டர்ன் நெற்றியில் வேர்வை. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் மட்டும் துடித்தது. வாங்கிப் போட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை அவளுக்கு. “ஊசியை முழுசா வெளியே எடுத்துடு. பாட்டி, முழங்காலை இன்னும் கொஞ்சம் நெஞ்சோட அணைச்சுக்குங்க. இப்ப கண்ணை மூடிட்டு விரலால மறுபடி தேடு” என்றாள். அவன் தேடினான். விரல் ஒரு கணுவுக்குக் கீழே இறங்கியது. மூன்றாவது குத்தில் நீர் சொட்டியது, பளிங்கு மாதிரி.

வெளியே வந்ததும் கேட்டேன்: “நாலாவது தடவையும் இடித்திருந்தால்?” “நாலாவது அவனுக்கு இல்லை டாக்டர். மூணுன்னு உள்ளே போறதுக்கு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம். பாட்டிகிட்டயும் சொல்லிட்டேன்.”

அன்று ராத்திரியே கமிட்டிக்கு மூன்று வரி எழுதினேன். அந்தப் பெண் ஊசியைத் தொடவே இல்லை என்பதுதான் முதல் வரி.

*

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கமிட்டி நிஜமாகவே எதைப் பார்க்கிறது?
– ‘நேரம் இல்லை’, கோயம்புத்தூர்

பதில்: ராத்திரி இரண்டு மணிக்கு போன் பண்ணுவாரா என்று.

இரண்டு நிமிஷம் இருந்தால் இன்னும் கொஞ்சம். கனடாவில் டொராண்டோக்காரர்கள் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவரை எதை வைத்து நம்புகிறார்கள் என்று கூடவே நின்றும் கேட்டும் பார்த்தார்கள். நாலு விஷயம் தேறியது. அறிவும் கைத்திறனும் ஒன்று. தன் எல்லை தனக்குத் தெரிவது இரண்டு; அந்த இரண்டு மணி போன் இதில்தான் வரும். உள்ளதை உள்ளபடி சொல்வது மூன்று. எடுத்த காரியத்தை முடிக்கும் அக்கறை நாலு. பரீட்சை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடியது முதலாவது மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவதை ரவுண்ட்ஸில் பிடித்துவிடலாம். “கால் வீக்கம் பார்த்தியா?” என்று கேட்பேன். “பார்க்கலை” என்று சொல்கிற பையனை அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துவிடும். “வீக்கம் இல்லை” என்று சொல்லிவிட்டு, நான் போர்வையை விலக்கும்போது சுவரைப் பார்க்கிறவர்தான் பயம்.

*

கேள்வி: எல்லாவற்றுக்கும் போன் பண்ணிக்கொண்டே இருந்தால் பாஸா?
– மருத்துவக் கல்லூரி விடுதி, அறை எண் வேண்டாம்

பதில்: போன் அதே போன்தான், பேச்சு மாறணும். ஜூலையில்: “டாக்டர், இவருக்கு மூச்சு வாங்குது, என்ன செய்யட்டும்?” அக்டோபரில்: “மூச்சு வாங்குது, இதயத்தில் தண்ணி கோத்திருக்குன்னு நினைக்கிறேன், இன்ன மருந்து கொடுக்கப்போறேன், சரியா?” மார்ச்சில்: “கொடுத்துட்டேன், இப்ப பரவாயில்லை, ஆனா சிறுநீரகம் கொஞ்சம் இடிக்குது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.” மார்ச்சிலும் ஜூலை போன் வந்தால் அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு. ஜூலையிலேயே மார்ச் போன் வந்தால் இரண்டு கோடு.

*

கேள்வி: பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிறவரைக் கமிட்டி தடுக்க முடியுமா? கோர்ட்டுக்குப் போனால்?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: போயிருக்கிறார்கள், உச்ச நீதிமன்றம் வரை. ரெசிடென்ட் அல்ல, ஒரு படி கீழே, மருத்துவ மாணவி. மிசௌரி பல்கலைக்கழகம் எதிர் ஹோரோவிட்ஸ், 1978. படிப்பில் கெட்டி. வார்டில்தான் சிக்கல்: நோயாளிகளிடமும் சக மாணவர்களிடமும் பழகும் விதம், நேரத்துக்கு வராதது, சுத்தம். கல்லூரிக் கமிட்டி வெளியேற்றப் பார்த்தது. அவர் மேல்முறையீடு செய்ய, தொழில் செய்துகொண்டிருந்த ஏழு டாக்டர்களோடு ஆளுக்குக் கொஞ்ச நாள் வேலை பார்க்க வைத்தார்கள். முடிவு? இரண்டு பேர் ‘பட்டம் கொடுங்கள்’. இரண்டு பேர் ‘உடனே அனுப்புங்கள்’. மூன்று பேர் ‘இப்போது பட்டம் வேண்டாம், இன்னும் கொஞ்ச காலம் கண்காணிப்பில் வைத்துப் பாருங்கள்’.

கடைசியில் வெளியேற்றினார்கள். இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல, கல்வி சார்ந்த தீர்ப்பு. இதற்குக் கோர்ட் மாதிரி சாட்சி விசாரணை எல்லாம் அரசியல் சாசனப்படி தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் தொழிலுக்கு நஷ்டம்தான். என் கண் நிற்பது அந்த ஏழில்தான். ஒரே ஆள், ஏழு டாக்டர், மூன்று முடிவு. இந்த வேலையில் தராசு கிடையாது சார். ஏழு ஜோடிக் கண்தான் இருக்கிறது.

*

கேள்வி: குறிப்பேட்டில் எல்லாரும் நல்லதாகவே எழுதினால் கமிட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்?
– கல்யாணத் தரகர், கும்பகோணம்

பதில்: நீங்களா இதைக் கேட்பது! ‘பையன் தங்கமான குணம், சொந்தமாகத் தொழில் பார்க்கிறார்’ என்று நீங்கள் எழுதினால் வேலை இல்லை என்று பெண் வீட்டாருக்குப் புரிவதில்லையா? அதே பாஷைதான். ‘அருமை’ என்றால் சுமாருக்கு மேல். ‘நல்லவர்’ என்றால் சுமாருக்குக் கீழ். ‘சாலிட்’ என்று ஒரு சொல் உண்டு, கேட்கக் கெட்டியாக இருக்கும். ‘ஆபத்தில்லை, அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை’ என்று பொருள். டொராண்டோவில் ஷிஃப்ரா கின்ஸ்பர்க் குழுவினர் 2015-ல் இதை ஆராய்ந்தே வெளியிட்டார்கள்: வெறும் குறிப்புகளை மட்டும் கொடுத்தாலும் அனுபவப்பட்ட ஆசிரியர்கள் வரிகளுக்கு நடுவே படித்து ஆட்களைத் தரம் பிரித்துவிடுகிறார்கள். பாவம், யாரைப் பற்றி எழுதியதோ அந்தப் பிள்ளைதான் ‘நல்லவர்’ என்று படித்துவிட்டு அம்மாவுக்கு போன் போடும்.

*

கேள்வி: அந்த அறைக்குள் என்னதான் நடக்கும்? ஒரு எட்டு கூட்டிப் போங்களேன்.
– ‘ஜன்னலோரம்’, தஞ்சாவூர்

பதில்: வாருங்கள், கதவைச் சாத்திவிடுங்கள். நீள மேஜை. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். ஒவ்வொரு ரெசிடென்டாகப் படம் வரும், சேர்ந்த அன்று எடுத்த சிரித்த படம். பக்கத்தில் ஒரு வரைபடம், நண்டுக்கால் மாதிரி ஆறு பக்கமும் கோடு. முப்பது பேர், இரண்டு மணி நேரம். தலைக்கு நாலு நிமிஷம் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பேருக்கு ஆளுக்கு எட்டு நிமிஷம் போய்விடும். கடைசிப் பத்துப் பேரைப் படம் மாறுகிற வேகத்தில் கரை சேர்ப்போம். பெயர் ‘இசட்’டில் தொடங்குகிறவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ!

எங்கள் கமிட்டியில் முதல் இரண்டு வருஷம் தலைவர்தான் முதலில் வாய் திறப்பார். “பிரமாதமான பையன்” என்பார். அப்புறம் மேஜையைச் சுற்றி அதே ‘பிரமாதம்’ உப்புமா மாதிரி கை மாறி வரும். ஒரு தடவை, எனக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கூட்டம் முடிந்து லிஃப்டில் சொல்கிறார்: “அந்தப் பையன் போன மாசம் ஐ.சி.யு.வில் நர்ஸ் சொன்னதைக் காதிலேயே வாங்கலை. ரெண்டு தடவை.” ஏன் உள்ளே சொல்லவில்லை? “எல்லாரும் பிரமாதம்னீங்களே.”

கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததையே பேசுவார்கள், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது ஒருவரோடே வீடு போய்ச் சேரும். உளவியல்காரர்கள் 1985-லேயே பரிசோதித்துக் காட்டிய விஷயம் இது. அடுத்த கூட்டத்தில் பேசும் வரிசையை மாற்றினோம். வயதில் சின்னவர் முதலில் பேசுவார், தலைவர் கடைசி. கூட்டம் முக்கால் மணி நேரம் நீண்டது. பீட்சா இன்னும் ஆறியது.

*

கேள்வி: பெண் டாக்டர்களுக்கு அங்கேயாவது நியாயமாக மார்க் போடுகிறார்களா?
– அரசு மருத்துவர், புதுக்கோட்டை

பதில்: 2017-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. எட்டு ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள், 359 ரெசிடென்ட்கள், அவர்கள் வேலை செய்வதை நேரில் பார்த்துப் போட்ட 33,456 மதிப்பீடுகள். முதல் வருஷத் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல. பயிற்சி முடியும்போது ஆண்கள் முன்னால்; கூடுதலாக மூன்று நாலு மாசப் பயிற்சி எடுத்தால் வரக்கூடிய அளவு இடைவெளி. மதிப்பிட்டவர்களிலும் பெண்கள் உண்டு. போட்டவர் ஆணா பெண்ணா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

பெண்களுக்குத் திறமை வளரவில்லையா, பார்த்தவர் கண் வளரவில்லையா? மூன்று வருஷம் கழித்து, அதே துறையில் நாடு முழுக்கக் கமிட்டிகள் உட்கார்ந்து முடிவு செய்த மைல்ஸ்டோன்களை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி இடைவெளி இல்லை. ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் ஒருவர் தட்டிவிட்டுப் போவதை, நாலு பேர் சேர்ந்து பார்க்கும்போது கொஞ்சம் நிமிர்த்துகிறார்கள் போலிருக்கிறது என்பது என் ஊகம். கமிட்டியை நான் தாங்கிப் பேசும் ஒரே இடம் இது. குறித்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: தகுதி இல்லை என்று தெரிந்தும் ஏன் யாரையும் நிறுத்துவதில்லை?
– ‘கறார்’, ஈரோடு

பதில்: நிறுத்துகிறவர் நாலு ஃபாரம் எழுத வேண்டும், நிறுத்தாதவர் ஒரு டிக் போட்டால் போதும். 2005-ல் ஒட்டாவாக்காரர்கள் வார்டு ஆசிரியர்களிடமே கேட்டார்கள். எழுதி வைத்த ஆதாரம் இல்லை, எதை எழுதுவது என்றே தெரியவில்லை, மேல்முறையீடு வந்தால் யார் அலைவது, நிறுத்தினாலும் அப்புறம் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியாது. நாலும் நியாயமான காரணம் என்பதுதான் கஷ்டம். ஐந்தாவதாக என்னிடம் ஒன்று உண்டு: ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையை இந்திய மளிகைக் கடையில் பார்த்துத் தொலைக்க வேண்டும்.

*

கேள்வி: கமிட்டியில் இருப்பவர்களை யார் மதிப்பிடுவது?
– பேரூராட்சி கவுன்சிலர் ஒருவர்

பதில்: ரெசிடென்ட்கள்தான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, யார் எழுதியது என்று தெரியாமல். எனக்கு வந்ததில் ஒன்று: ‘ரவுண்ட்ஸில் கதை சொல்வதைக் குறைக்கலாம்.’ அங்கே குறைத்ததை எல்லாம் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

கேள்வி: இவ்வளவு கெடுபிடி எப்போது வந்தது? யாராவது செத்தால்தானே சட்டம் வரும்?
– தீயணைப்புத் துறை (ஓய்வு), தூத்துக்குடி

பதில்: உங்கள் துறைக்காரர்களுக்குத்தான் இது தெரியும். 1984 மார்ச், நியூயார்க். லிபி ஜியான் என்ற பதினெட்டு வயதுக் கல்லூரிப் பெண் காய்ச்சலும் உடல் நடுக்கமுமாக ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பார்த்தவர்கள் ஒரு முதல் வருஷ இன்டர்ன், ஓர் இரண்டாம் வருஷ ரெசிடென்ட். பெரிய டாக்டர் போனில். அந்தப் பெண் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரையோடு சேரக்கூடாத ஒரு மருந்தும் ஏறியது. சீனியர் படுக்கப் போனார். இன்டர்னுக்கு இன்னும் பல நோயாளிகள். விடிவதற்குள் காய்ச்சல் எகிறி, இதயம் நின்றது.

அப்பா சிட்னி ஜியான் பத்திரிகைக்காரர். விடவில்லை. 1989-ல் நியூயார்க் மாநிலம் விதி போட்டது: வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரே மூச்சில் 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அனுபவமுள்ள டாக்டரின் மேற்பார்வை வேண்டும். 80 மணி நேரம் 2003-ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஊர் பேசியதெல்லாம் தூக்கத்தைப் பற்றித்தான், ஏனென்றால் மணி நேரத்தை எண்ணலாம். மேற்பார்வையை எதைக் கொண்டு எண்ணுவது? அந்த ராத்திரி இரண்டாம் வருஷக்காரர் ஒருவரை ‘நீ சீனியர்’ என்று நிறுத்தியது யார், எதைப் பார்த்து என்ற கேள்விக்குக் கமிட்டி வர இன்னும் பல வருஷம் ஆனது.

*

கேள்வி: பிரிட்டனில் எப்படி? தங்கை மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். ‘அவுட்கம் ஐந்து’ வந்துவிட்டது என்று அழுகிறாள்.
– பெரியம்மா, பாளையங்கோட்டை

பதில்: அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே வருஷாந்திரப் பரிசீலனைக்கு ஏ.ஆர்.சி.பி. என்று பெயர். மூன்று பேராவது உட்காருவார்கள். ஒன்று என்றால் போகலாம். இரண்டு, சிலதைச் சரிசெய், நேரம் கூட வேண்டாம். மூன்று, கூடுதல் காலம் படி. நாலு, பயிற்சியை விட்டே அனுப்புவது. ஐந்து, காகிதம் பத்தவில்லை. ஆறு, பயிற்சி முடிந்தது. உங்கள் பெண் ஏதோ ஒரு படிவத்தை ஏற்றாமல் விட்டிருப்பாள். நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இதைக் கொண்டுபோய் வைத்தவரைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும்.

*

கேள்வி: நம்ம ஊரில்?
– இரண்டே வார்த்தை, பெயர் இல்லை

பதில்: நான் இங்கே படித்த காலத்தில் காலண்டர்தான் கமிட்டி. தேதி கிழிந்தால் ஃபர்ஸ்ட் இயர் பி.ஜி. செகண்ட் இயர் ஆவார், செகண்ட் இயர் சொன்னதை ஹவுஸ் சர்ஜன் செய்வார். யார் தேறினவர் என்பதை லேபர் வார்டு ஆயா ஒரு வாரத்தில் சொல்லிவிடுவார். அவரிடம் ஃபாரம் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவில் நர்ஸிடம் ஃபாரம் கொடுத்துக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் அவ்வளவுதான்.

*

கேள்வி: கமிட்டியில் உட்கார்ந்து நீங்கள் தப்பாக முடிவெடுத்தது உண்டா? மழுப்பாமல் சொல்லவும்.
– ‘உண்மை விளம்பி’, காரைக்குடி

பதில்: உண்டு. அந்த ‘பிரமாதமான பையன்’தான். லிஃப்டில் கேட்டதை நானாவது திரும்பப் போய்ச் சொல்லியிருக்கலாம். மணி ஐந்தாகிவிட்டது, போய்விட்டேன். ஜூலையில் அவன் சீனியர் ஆனான். கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை. ஆகஸ்டில் ஒரு ராத்திரி, வயிற்று ரத்தக்கசிவோடு வந்த ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, இன்டர்ன் பெண் பயந்துபோய் “டாக்டரைக் கூப்பிடலாமா?” என்று கேட்டிருக்கிறாள். “எதுக்கு அவரை எழுப்பணும், நான் இருக்கேன்ல” என்றிருக்கிறான். இரண்டு மணி நேரம் அவனே எல்லாம் செய்தான். செய்ததில் பெரும்பாலும் சரி. நாலரை மணிக்கு போன் வந்தது. அவனிடமிருந்து இல்லை, நர்ஸிடமிருந்து. “உங்களை யாரும் கூப்பிடலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது” என்றார்.

நோயாளி பிழைத்தார், ஐ.சி.யு.வில் ஆறு நாள் இருந்து. அவனை நடுவருஷத்தில் மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து இறக்கினோம், இரண்டு மாசம். கமிட்டி முன்னால் வந்து நின்றான். “எனக்குத் தெரியாதது அங்கே ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்குக் கூப்பிடணும்?” என்று கேட்டான். திமிரில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். பக்கத்தில் நின்ற இன்டர்னுக்கு அன்றைக்கு எதைக் கற்றுக்கொடுத்தாய் என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் பதில் வரவில்லை. அவனிடம் கேட்டுவிட்டேனே தவிர, லிஃப்டை விட்டு இறங்கிப் போன எனக்கும் அதே கேள்வி பாக்கி இருந்தது. அடுத்த கூட்டத்தில் அந்த இளம் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

*

கேள்வி: ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடித்தால் உங்கள் மனைவி திட்டவே மாட்டாரா?
– ‘அனுபவஸ்தர்’, வேலூர்

பதில்: அடித்தால் திட்ட மாட்டார், திரும்பிப் படுத்துக்கொள்வார். அடிக்காத ராத்திரியில் நான் எழுந்து உட்கார்ந்து, போன் சைலண்டில் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்குத்தான் திட்டு.